முதல் வார்டு போஸ்டிங்: சுங்கை சிப்புட் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வருஷா வருஷம் சில பிள்ளைகள் தாதியர் டிப்ளோமா படிக்கப் போகிறார்கள். சிலர் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளுக்கு, சிலர் தனியாருக்கு. வகுப்புப் பாடம் ஒரு கட்டம் தாண்டி வார்டுக்குப் போகும் நேரம் வந்ததும் என் கைப்பேசிக்கு ஓய்வு இருக்காது. நான் அரசு மருத்துவமனை ஒன்றில் தாதி. வார்டுக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்தது. மாணவர்கள் கேட்பதையும், கோயிலிலும் சந்தையிலும் அம்மாமார்கள் என்னை நிறுத்திக் கேட்பதையும் அவர்கள் வாய்ப்படியே இங்கே எழுதியிருக்கிறேன். கல்லூரிக்குக் கல்லூரி சின்ன வித்தியாசம் இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் லாக் புத்தகம் (எந்தெந்த வேலையைக் கற்றீர்கள் என்று கையெழுத்து வாங்கும் பதிவேடு) சொல்வதே சரி.

"அக்கா, படிப்பு ஆரம்பிச்ச உடனே வார்டுக்கு அனுப்பிடுவாங்களா? ஒண்ணும் தெரியாம அங்க போய் என்ன செய்யறது?"

உடனே அனுப்ப மாட்டார்கள். டிப்ளோமா மூன்று ஆண்டுப் படிப்பு. முதலில் உடற்கூறு, உடலியங்கியல், அடிப்படைத் தாதிமை என்று வகுப்பு நடக்கும். கூடவே ஸ்கில்ஸ் லேபில் முதலில் பொம்மை மேலும், பிறகு ஒருவர் மேல் ஒருவரும் பழகுவீர்கள்: கை கழுவுவது, கட்டில் விரிப்பது, காய்ச்சல் பார்ப்பது, நாடி பிடிப்பது, பி.பி. எடுப்பது. விரிவுரையாளர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வார்டு. முதல் போஸ்டிங் அநேகமாக மெடிக்கல் வார்டாக இருக்கும். இனிப்பு நீர், ரத்த அழுத்தம், சிறுநீரகம், டெங்கி, வயதான நோயாளிகள் எல்லாம் அங்கேதான்.

நீங்கள் முதல் ஆண்டு என்பது உடுப்பைப் பார்த்தாலே வார்டுக்குத் தெரிந்துவிடும். உங்களிடம் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. நேரத்துக்கு வர வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் நம் பிள்ளைகளுக்கு வருவதில்லை. தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளிக்கு முன் மலாய் பழகும் புகுமுக வகுப்பில் உட்கார்ந்த நாளிலிருந்து, புரியாவிட்டாலும் தலையாட்டிப் பழகிவிட்டார்கள். பள்ளியில் அதனால் மார்க் போகும். வார்டில் அந்தத் தலையாட்டலை நம்பி ஒரு நோயாளியை உங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

"ஸ்டாஃப், சிஸ்டர், மேட்ரன், சி.ஐ., எல்.பி.ன்னு என்னென்னவோ சொல்றாங்க. யாரு யாரு?"

வார்டில் உங்களோடு நோயாளியைப் பார்ப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். வார்டு முழுவதற்கும் பொறுப்பு சிஸ்டர். சிஸ்டர்களுக்கு மேலே மேட்ரன். சி.ஐ. கல்லூரியிலிருந்து வருபவர், கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். எல்.பி. (லோக்கல் பிரிசெப்டர்) என்பவர் அதே வார்டின் ஸ்டாஃப் நர்ஸ், மாணவர்களுக்குச் சொல்லித்தர நியமிக்கப்பட்டவர். சந்தேகம் என்றால் முதலில் எல்.பி., அவர் இல்லாவிட்டால் அந்த நோயாளிக்குப் பொறுப்பான ஸ்டாஃப்.

பி.பி.கே. என்று அழைக்கப்படும் பராமரிப்பு உதவியாளர்களை மறந்துவிடாதீர்கள். முன்பு அட்டெண்டன் என்பார்கள். கனமான நோயாளியை முதுகு பிடிக்காமல் எப்படித் திருப்புவது என்பதை எந்த விரிவுரையாளரையும்விட அவர்கள் நன்றாகக் காட்டித்தருவார்கள். அண்ணன், அக்கா என்று மரியாதையாகப் பேசுங்கள்.

"என் மகளுக்கு என்னென்ன ஊசி போட்டிருக்கணும்? டெங்கி வார்டுல நின்னா ஒட்டிக்காதா?"

முக்கியமானது ஹெபடைட்டிஸ் பி. மூன்று டோஸ், வழக்கமாக முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு இதைப் போட்டு வருவதால் உங்கள் மகளுக்கும் பிறந்தபோதே போட்டிருப்பார்கள். ஆனாலும் எதிர்ப்புச் சக்தி இன்னும் இருக்கிறதா என்று கல்லூரி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். குறைவாக இருந்தால் மறுபடி போடுவார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்பார்கள், காசநோய்க்காக. சின்ன வயதில் சின்னம்மை வந்ததா என்று அம்மாவுக்குத்தான் நினைவிருக்கும். அதை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

டெங்கி ஆளிடமிருந்து ஆளுக்கு நேராக ஒட்டாது. நடுவில் ஏடிஸ் கொசு வேண்டும். வார்டைவிட உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீர்தான் ஆபத்து. எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் அப்படித்தான், நோயாளியைத் தொடுவதால் வருவது மிக அரிது. காற்றில் பரவும் காசநோய் வேறு கதை. அந்த அறைக்குள் எந்த முகக்கவசத்தோடு போவது என்று காட்டித்தரும்வரை போகாதீர்கள்.

"மூக்குத்தி, கைக்கயிறு, மருதாணி... எல்லாத்தையும் எடுக்கச் சொல்றாங்களே?"

மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். கை கழுவும்போது அவற்றின் அடியில் சோப்பு போகாது, ஈரம் தங்கும், கிருமியும் தங்கும். கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்ற மனம் வரவில்லை என்றால் பையில் சாமி படத்தோடு வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் கட்டாயம் கோபிப்பார். நகச்சாயம் கூடாது, நீள நகமும் கூடாது. மூக்குத்திக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு விதி, கேட்டுக்கொள்ளுங்கள். மருதாணியையும் பல கல்லூரிகள் விரும்புவதில்லை. உறவில் கல்யாணம் வந்தால் போஸ்டிங் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

"காலையில 7 மணி வேலைன்னா ஈப்போவுக்கு எப்படிம்மா போய்ச் சேர்றது? தீபாவளிக்கு லீவு உண்டா?"

பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 9, இரவு 9 முதல் காலை 7 என்று மூன்று ஷிப்ட். முதல் ஆண்டில் பொதுவாகக் காலையும் மதியமும்தான். விடுதியில் இருப்பவர்களுக்குக் கல்லூரி வேன் இருக்கும். வீட்டிலிருந்து போவதாக இருந்தால், 6:50க்கு வார்டில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஷிப்ட் கைமாறும்போது தரும் பாஸ் ஓவர் ரிப்போர்ட்டைத் தவறவிட்டால் அன்று முழுக்க ஒன்றும் புரியாது.

தீபாவளி பொது விடுமுறை. ஆனால் அன்றும் வார்டு திறந்துதான் இருக்கும். மாணவர் அட்டவணையைக் கல்லூரி போடுகிறது. தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருந்தால் முதல் வாரமே எழுதிக் கேளுங்கள், முந்தின நாள் போய் நிற்காதீர்கள். விடுபட்ட மணி நேரத்தைப் பிறகு ஈடு கட்ட வேண்டியிருக்கும்.

"மொத போஸ்டிங்ல என்னதான் செய்ய விடுவாங்க? சும்மா நின்னுட்டு வரணுமா?"

நிற்க நேரம் இருக்காது. கட்டில் விரிப்பது, படுக்கையிலேயே உடம்பு துடைப்பது, வாய் சுத்தம் செய்வது, சாப்பாடு ஊட்டுவது, பெட் பேன் வைப்பது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. பார்ப்பது, எவ்வளவு குடித்தார் எவ்வளவு சிறுநீர் போனார் என்று குறிப்பது. இதெல்லாம் அடிமட்ட வேலை என்று முகம் சுளிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குடித்த அளவும் சிறுநீர் அளவும் தப்பாகக் குறித்தால் டெங்கி நோயாளிக்கு எவ்வளவு டிரிப் ஏற்றுவது என்ற டாக்டரின் கணக்கே தப்பாகிவிடும். டம்ளரை "ஏறக்குறைய பாதி" என்று எழுதாதீர்கள். அளந்து மில்லிலிட்டரில் எழுதுங்கள்.

மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, டிரிப் மாற்றுவது போன்றவை பின்னால் வரும், அதுவும் மேற்பார்வையோடு. லாக் புத்தகத்தில் அந்த செமஸ்டருக்கு எது இருக்கிறதோ அதுதான் எல்லை.

"எங்க தோட்டத்து டிரசர் ஊசி போடுவாரு, தையல் போடுவாரு, எல்லாம் செய்வாரு. காலேஜ் போற பிள்ளைக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?"

இதை என்னிடம் கேட்டவர் ஒரு தாத்தா. நியாயமான கேள்வி. டாக்டர் எப்போதாவது வந்து போகும் தோட்டத்தில் டிரசர்தான் எல்லாம். ஆனால் அவரும் நினைத்தபடி செய்தவர் இல்லை. 1965-இல் டிரசர்களை, அதாவது தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யவென்றே தனிச் சட்டம் வந்தது. அவர் அந்த வேலையில் பழகிய ஆள், பெயர் பதிவில் இருந்த ஆள்.

தாதியருக்கு 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம். மூன்று ஆண்டு முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறி, பதிவான பிறகுதான் பொறுப்பு உங்கள் பெயரில் வரும். அதுவரை நீங்கள் செய்வதற்கெல்லாம் பக்கத்தில் நிற்கும் பதிவு பெற்ற தாதிதான் பதில் சொல்ல வேண்டும். உங்களை அவசரமாக ஒதுக்கிவிட்டு அவரே செய்துவிடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, நேரமில்லை.

"பி.பி. எடுக்கறப்போ எனக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. பக்கத்துல உள்ளவ எழுதினதையே நானும் எழுதிட்டேன்."

இப்படி எழுதுவதை முதலில் நிறுத்துங்கள், காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன். கேட்காமல் போக வழக்கமான காரணங்கள் சில. ஸ்டெதஸ்கோப் காதுமுனை பின்பக்கம் பார்த்திருக்கும், அது மூக்கு நோக்கி இருக்க வேண்டும். வட்டத் தகடு எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது என்று விரலால் தட்டிப் பாருங்கள். முழங்கை மடிப்பின் உட்பக்கம் நாடி துடிக்கும் இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்த பிறகு அங்கே வையுங்கள், குத்துமதிப்பாக வைக்காதீர்கள். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றாதீர்கள்.

அப்புறம் முறை. நோயாளி ஐந்து நிமிடம் சும்மா இருந்திருக்க வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில், பேச்சு கூடாது. மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டே காற்றடியுங்கள். நாடி நின்ற இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றை விட்டுவிட்டு, இரண்டாம் முறை அந்த எண்ணுக்கு மேல் இன்னும் 30 ஏற்றி, விநாடிக்கு 2, 3 அளவில் மெதுவாக இறக்குங்கள். முதல் 'டக்' மேல் எண், சத்தம் முற்றாக மறையும் இடம் கீழ் எண். இந்தச் சத்தங்களை 1905-இல் விவரித்தவர் கொரட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர். தேர்வில் அவர் பெயர் வரும். இப்போது வார்டில் பெரும்பாலும் இயந்திரம்தான். இயந்திரம் சந்தேகமான எண்ணைக் காட்டும்போது கையால் எடுக்கத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள்.

இன்னொன்று, மறக்கவே கூடாதது. டயாலிசிஸ் நோயாளிக்குக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் செய்யவென்று அறுவைச் சிகிச்சையில் இணைத்த ரத்தக் குழாய்) இருக்கும், தொட்டால் உள்ளே அதிரும். அந்தக் கையில் பி.பி. பட்டை சுற்றக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. அது அடைத்துவிட்டால் அவருடைய டயாலிசிஸ் வழியே போச்சு. 2023-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதல் காரணமும் அதுதான். ஆகவே ஃபிஸ்டுலா கையை முதல் வாரத்திலேயே பார்ப்பீர்கள். பட்டையை எடுக்கும் முன்பே "எந்தக் கை?" என்று கேட்டுப் பழகுங்கள்.

"மூச்சு எண்ணிக்கை எல்லாருக்கும் 20ன்னு எழுதியிருக்கே, நானும் 20 போட்டா போதாதா?"

போதாது. சார்ட்டில் கண்ணால் காணாத ஓர் எண் எழுதுவது பொய் எழுதுவது. 20, 20, 20 என்று வரிசையாக நிற்கும் சார்ட்டை நானும் பார்த்திருக்கிறேன், அது எந்த வார்டுக்கும் பெருமை இல்லை. ஒருவர் உடல்நிலை மோசமாகப் போவதற்கு முன் பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான். நாடியும் பி.பி.யும் அதற்குப் பிறகு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். நேற்று 16, இன்று 26 என்றால் டாக்டர் ஓடி வர வேண்டிய விஷயம். எல்லோரும் 20 எழுதியிருந்தால் அது யாருக்கும் தெரியாது.

எண்ணுவதற்கு ஒரு தந்திரம். "மூச்சு பார்க்கிறேன்" என்று சொன்னால் நோயாளி மூச்சை மாற்றி விடுவார். நாடி பிடித்து முடித்தும் கையை விடாமல், அப்படியே நெஞ்சையோ வயிற்றையோ பார்த்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பி.பி. கேட்காவிட்டாலும் இதே விதிதான்: இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஸ்டாஃபிடம் போய் "எனக்குக் கேட்கவில்லை, நீங்கள் பார்க்கிறீர்களா?" என்று சொல்லுங்கள். திட்டு விழலாம். விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

"வயசுப் பொண்ணு, ஆம்பளை நோயாளியைக் குளிப்பாட்டணுமாமே. அப்பாவுக்குப் பிடிக்கல."

அப்பாவுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கட்டிலில் கிடப்பவர் அநேகமாக உங்கள் வயதைத் தாண்டிய ஒருவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர். அங்கே உங்கள் மகளைவிட அவருக்குத்தான் வெட்கம் அதிகம். திரை இழுத்து, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மீதியை மூடி வைத்துத்தான் செய்வார்கள். கையை அசைக்க முடிந்தவர் என்றால் மறைவிடத்தை அவரே துடைத்துக்கொள்ளத் துணியைக் கொடுத்துவிடுவார்கள். பெண் வேண்டாம் என்று நோயாளி சொன்னால் ஆண் மாணவரையோ பி.பி.கே. அண்ணனையோ கூப்பிடுவார்கள். முதல் தடவை தனியாக விடமாட்டார்கள்.

இது அழுக்கு எடுக்கும் வேலை மட்டும் என்று மாணவர்களும் நினைக்கக் கூடாது. ஒரு நோயாளியின் முதுகையும் குதிகாலையும் முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் இது. படுக்கைப் புண் தொடங்கும்போது தோல் சிவக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது என்று பாடத்தில் இருக்கும். நம் ஆட்களின் கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா? நிறம் கொஞ்சம் அடர்ந்திருக்கிறதா? நோயாளி அந்த இடத்தில் வலி என்கிறாரா? இருந்தால் உடனே சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பதும் இதற்காகத்தான்.

"தமிழ் நோயாளிங்க என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக்கறாங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கறாங்க. சொல்லலாமா?"

தோட்டத்துப் பாட்டிக்கு வார்டில் தமிழ் முகம் தெரிந்தால் பாதி நோய் போய்விடும், அது உண்மை. உங்களால் மட்டும் முடிந்த வேலையும் அங்கே இருக்கிறது. டாக்டர் வந்து கேட்டால் அந்தப் பாட்டி "ஒண்ணும் இல்லை, நல்லா இருக்கேன்" என்பார். டாக்டர் போனதும் உங்களிடம் "விடியக்காலையிலிருந்து நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும்மா" என்பார். அதை உடனே ஸ்டாஃபிடம் கொண்டுபோய்ச் சேருங்கள், அவர் கை வைத்துக் காட்டிய இடம், தொடங்கிய நேரம் இரண்டையும் சேர்த்து. "அப்புறம் சொல்லலாம்" என்று சாப்பிடப் போய்விடாதீர்கள்.

எதிர்த்திசையில் கவனம் வேண்டும். என்ன நோய், ரத்தப் பரிசோதனை முடிவு என்ன, கால் எடுக்க வேண்டி வருமா, இதையெல்லாம் குடும்பத்துக்குச் சொல்வது டாக்டரின் வேலை. "எனக்குச் சொல்ல அனுமதி இல்லை மாமா, ஸ்டாஃபைக் கூட்டிவருகிறேன்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கூட்டிவாருங்கள். கூட்டிவராமல் நழுவினால் அடுத்த முறை உங்களை நம்ப மாட்டார்கள். கொஞ்சம் தெரிந்ததை வைத்துக்கொண்டு "பயப்படாதீங்க, ஒண்ணும் இருக்காது" என்று ஆறுதல் சொல்வதும் தப்பு. அந்த வார்த்தையை அவர்கள் வீடு வரைக்கும் கொண்டுபோவார்கள்.

டாக்டரே உங்களை மொழிபெயர்க்கச் சொல்லலாம். பசிக்கிறதா, வலிக்கிறதா போன்றவற்றுக்குச் சரி. அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும் பேச்சு என்றால், நான் முதல் ஆண்டு மாணவி என்று சொல்லி ஒதுங்கி, தமிழ் தெரிந்த ஸ்டாஃபையோ டாக்டரையோ தேடச் சொல்லுங்கள்.

"பக்கத்து வீட்டு அங்கிள் எங்க வார்டுல இருக்காரு. அம்மா என்ன நோய்னு கேக்கறாங்க."

அம்மாவிடமும் சொல்லக் கூடாது. நம் ஊர் சின்னது, லயத்தில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் மாலைக்குள் கடைசி வீட்டுக்கும் தெரியும். அவர் வார்டில் இருப்பதையே நீங்கள் சொல்லக் கூடாது, வேறு வழியில் அம்மாவுக்குத் தெரிந்திருந்தாலும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேஸ் பற்றி எழுதும்போது பெயர், கட்டில் எண், படம் எதுவும் வேண்டாம். நோயாளியோடு எடுத்த செல்ஃபி எவ்வளவு பாசமாக இருந்தாலும் அது படிப்பையே முடித்துவைக்கலாம். அந்த அங்கிளைக் கவனிக்கச் சங்கடமாக இருந்தால், அல்லது அவருக்குச் சங்கடமாக இருந்தால், வேறு கட்டில் கேளுங்கள். கொடுப்பார்கள்.

"சொந்தக்காரங்க சாப்பாடு தர்றாங்க, அம்பது வெள்ளி கையில திணிக்கறாங்க. நோயாளிக்கும் ரசம் கொடுத்துட்டுப் போறாங்க."

பணம் வேண்டாம், எந்தக் காரணத்துக்கும். பலகாரம் கொண்டுவந்தால் வார்டு கவுண்டரில் வைக்கச் சொல்லிச் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ரசம்தான் பெரிய பிரச்சினை. ஸ்கோப்புக்கோ (குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) அறுவைச் சிகிச்சைக்கோ வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று கட்டிலில் மலாயில் பலகை தொங்கும். பாட்டிக்கு அது படிக்கத் தெரியாது, "பச்சத் தண்ணிகூடக் குடுக்கலையே" என்று மகள் பரிதாபப்பட்டு ஊட்டிவிடுவார். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வந்தவர்களிடம் தமிழில் இதை விளக்குவது உங்களுக்குச் சுலபம், எதையும் ஊட்டும் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். ஊட்டியது தெரிந்தால் மறைக்காமல், எந்த மணிக்கு எவ்வளவு என்று ஸ்டாஃபிடம் சொல்லுங்கள். பாட்டியைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

"ரிப்போர்ட் சொல்றப்போ மலாய், இங்கிலீஷ் ரெண்டும் குழம்புது. சிரிக்கறாங்க."

எல்லா வார்டிலும் ரிப்போர்ட் இரண்டு மொழியும் கலந்துதான் ஓடும். அழகாகப் பேச வேண்டாம், வரிசையை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: கட்டில் எண், பெயர், வயது, என்ன நோய், இன்று என்ன எண்கள், என்ன மாறியது, என்ன செய்யாமல் மீதி இருக்கிறது. சுருக்கெழுத்துகளுக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும். சிரிப்பவர்கள் அடுத்த போஸ்டிங்கிலும் யாரையாவது பார்த்துச் சிரிப்பார்கள்.

"ஊசி போட மாட்டோம்னு சொன்னீங்க. ஆனா ட்ரேல கிடந்த ஊசி குத்திடுச்சுன்னா?"

இனிப்பு பார்க்க விரலில் குத்தும் லான்செட்டும், யாரோ ட்ரேயில் விட்டுப்போன ஊசியும் முதல் ஆண்டிலேயே குத்தும். குத்தினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிழிய வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்சவே வேண்டாம். உடனே ஸ்டாஃபிடமும் சி.ஐ.யிடமும் சொல்லுங்கள், ஷிப்ட் முடியட்டும் என்று இருக்காதீர்கள். நோயாளியின் ரத்தமும் உங்கள் ரத்தமும் பார்ப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

பயத்தையும் அளவோடு வையுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால்கூடத் தொற்றும் வாய்ப்பு 0.3 விழுக்காடு அளவில்தான். ஹெபடைட்டிஸ் பி-க்கு அது மிக அதிகம், தடுப்பூசி போடாதவர்களுக்கு. மேலே அந்தத் தடுப்பூசியைப் பற்றி அவ்வளவு எழுதியது அதனால்தான். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள், நேராக ஊசிப் பெட்டியில் போடுங்கள். முக்கால்வாசி நிறைந்த பெட்டிக்குள் கையை விட்டு அமுக்காதீர்கள்.

"வார்டுல யாராவது செத்துப்போயிட்டா நான் என்ன செய்யறது? வீட்டுக்கு வந்தா பாட்டி குளிக்கச் சொல்றாங்க."

குளியுங்கள். பாட்டி சொல்லாவிட்டாலும் வார்டு உடுப்பைத் தனியாகத் துவைத்துவிட்டுக் குளிப்பது நல்லதுதான்.

வார்டில் அழுகை வந்தால் வரட்டும், கொஞ்ச நேரம் பேன்ட்ரிக்குப் போய் வாருங்கள். உடலைச் சுத்தம் செய்வதைப் பார்க்க விரும்பினால் கேட்டு நில்லுங்கள், வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம். அந்த நேரத்திலும் திரை மூடியிருக்கும், பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். குடும்பத்தார் நெற்றியில் திருநீறு வைக்கவோ, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவோ கேட்டால் நீங்களாகப் பதில் சொல்லாமல் சிஸ்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விபத்து மாதிரி போலீஸ் கேஸ் என்றால் மட்டும் தொட விடமாட்டார்கள். அன்று ராத்திரி தூக்கம் வராவிட்டால் யாரிடமாவது பேசுங்கள், நோயாளியின் பெயர் சொல்லாமல்.

"ஸ்கில்ஸ் லேப்ல ஒரு மாதிரி சொல்லித்தந்தாங்க, வார்டுல வேற மாதிரி செய்யறாங்க. இன்னொண்ணு, ஸ்டாஃப் அவசரத்துல நான் கத்துக்காததைச் செய்யச் சொல்றாங்க. மாட்டேன்னா கோவிச்சுக்குவாங்க."

இரண்டும் வேறு வேறு. வார்டு முறை மாறியிருந்தால் எல்லாமே தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். ஆளும் பொருளும் குறைவான இடத்தில் சில படிகளைச் சுருக்குவார்கள், அனுபவத்தில் எதைச் சுருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் லாக் புத்தகப்படி செய்யுங்கள், ஏன் இப்படி என்று பிறகு தனியாகக் கேளுங்கள். கை கழுவாமல் அடுத்த நோயாளிக்குப் போவது மாதிரி விஷயம் சுருக்கல் இல்லை, அதைப் பார்த்துப் பழகாதீர்கள்.

கற்காததைச் செய்யச் சொன்னால் மறுக்கத்தான் வேண்டும், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாதீர்கள். மலாயில் இப்படிச் சொல்லலாம்: "சாயா பெலும் பெர்னா புவாட், ஸ்டாஃப். போலே ஸ்டாஃப் துஞ்சுக்?" இன்னும் செய்ததில்லை, காட்டித்தர முடியுமா என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் காட்டித்தருவார்கள், அல்லது அவர்களே செய்வார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூப்பில் பால் விடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுலபம். டியூப் நகர்ந்து மூச்சுக்குழலில் இருந்தால் பால் நுரையீரலுக்குப் போகும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, டியூப் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று சோதித்த பிறகே விட வேண்டும். அந்தச் சோதனையை உங்களுக்கு யாரும் இன்னும் காட்டவில்லை என்றால், பால் குவளையைத் தொடாதீர்கள்.

அப்படியும் வற்புறுத்தினால் அன்றே சி.ஐ.யிடம் சொல்லுங்கள், யார் மேலும் புகாராக இல்லாமல் நடந்ததை நடந்தபடி. வார்டில் கைப்பேசி பெரும்பாலும் லாக்கரில்தான் இருக்கும். சி.ஐ.யின் எண்ணை நோட்டின் பின்னட்டையிலும் எழுதி வையுங்கள்.